கரும்பலகையை விட்டுக் கணக்கேட்டுக்கு

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது எம்மவர் நாவிற் பல தலைமுறையாகப் பழகிவந்த மொழி. அதிலும் அரசாங்க உத்தியோகம் என்றால், அதற்கு மேலான லட்சணம் ஒன்று உண்டென்று எம் தாய்மார் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. மாதம் முடிந்தாற் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், ஊரிலே ஒரு மரியாதை. இத்தனையும் கையில் இருக்க, அவற்றை உதறிவிட்டு நாற்பத்தைந்தாவது வயதில் ஒருவர் வெளியேறினார் என்றால், அவரைப் பற்றி அயலவர் என்ன பேசியிருப்பர் என்பதை வாசகர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கொச்சிக்கடையில் வாழும் எமது நண்பர் ஒருவரின் கதை இது. தம் பெயரை எழுதலாகாது என்று அவர் கேட்டுக்கொண்டமையால் அவரை நண்பர் என்றே குறிப்போம். கல்லூரி ஒன்றிலே பத்தொன்பது ஆண்டுகள் உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கணக்கீடு கற்பித்தவர் அவர். இன்று ஜம்பட்டா வீதியிற் கடை ஒன்றின் மேல்மாடியிற் சிறு கந்தோர் வைத்து, வியாபாரிகளுக்கு ஆலோசனை கூறும் தொழிலை நடத்துகின்றார். முப்பதுக்கு மேற்பட்ட கடைக்காரர் அவரிடம் வருகின்றனர். வெள்ளிக்கிழமை மாலைகளிற் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் வீதியில் அவரைச் சந்தித்து உரையாடுவது எமது வழக்கம். அவ்வுரையாடல்களிலிருந்து நாம் அறிந்துகொண்டவற்றை, தொழில் மாற எண்ணும் குடும்பத்தினருக்கும் எதிர்காலத்தை நோக்கி நிற்கும் மாணவருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தால் இங்கே எழுதுகின்றோம்.

வீட்டிலே எழுந்த புயல்

2022 ஆம் ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை என்று குடும்பங்கள் தெருவிலே நின்ற காலம் அது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் நூற்றுக்கு 69.8. முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களுக்கு ஏறக்குறைய 170 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. சம்பளமோ பழைய சம்பளமே. நண்பர் வீட்டில் மாதம் பாதியாகும் முன்னரே பணப்பெட்டி வெறுமையாயிற்று.

அரசாங்கம் தன் செலவைக் குறைக்கும் பொருட்டு, அரச ஊழியர் வெளிநாடு செல்லவோ உள்நாட்டில் வேறு தொழில் புரியவோ ஐந்தாண்டு வரை சம்பளமில்லா விடுமுறை பெறலாம் என்று அவ்வாண்டிலே அறிவித்தது. நண்பர் விண்ணப்பம் எழுதினார். அன்றிரவு வீட்டிலே எவரும் சாப்பிடவில்லை.

“இஞ்சாருங்கோ, கனடாவுக்குப் போறதெண்டாலும் ஒரு நியாயம் இருக்கு. இங்கேயே இருந்துகொண்டு உத்தியோகத்தை விடுறதோ?” என்று மனைவியார் கேட்டார். கதவருகே நின்ற மாமியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில் அம்மையார் கோயிலுக்குச் சென்று அருச்சனை செய்துவந்தார். மருமகன் மனம் மாற வேண்டும் என்பதே வேண்டுதல் என்று பின்னர் தெரியவந்தது.

நண்பர் சொன்ன நியாயம் இதுதான்: “பத்தொன்பது வருஷமாகக் கணக்கீடு படிப்பிக்கிறேன். நான் வாழும் தெருவிலே, கடைக்காரர் கணக்குத் தெரியாமல் மூழ்குகின்றனர். 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி அந்தோனியார் கோயிலிலே குண்டு வெடித்தபின் இங்கு வியாபாரம் விழுந்தது. எழும்ப முன்னர் கொரோனா வந்தது. அதிலிருந்து எழும்ப முன்னர் இந்த நெருக்கடி வந்தது. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிக் கடனில் நடக்கும் கடைக்கு அது எத்தகைய அடி என்பது கடைக்காரருக்கே சரியாக விளங்கவில்லை. அதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியும்.”

முன்னோர் சென்ற வழி

ஆசிரியத் தொழிலிலிருந்து வேறு தொழிலுக்குச் செல்வது எம்மவர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டியில் 1832 ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்க்கையை மாணவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற அவர் கோப்பாயில் ஆசிரியராகத் தொடங்கினார். பின்னர் சென்னை சென்று ‘தினவர்த்தமானி’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பி. ஏ. பரீட்சையிலே தேறினார். கள்ளிக்கோட்டையிற் சிலகாலம் கற்பித்தார். அதன்பின் வகுப்பறையை விட்டு அரசாங்க வரவு செலவுக் கணக்குச்சாலையில் உத்தியோகம் ஏற்று, அங்கே உயர்ந்த நிலையை அடைந்தார். நடுவயதிலே சட்டம் பயின்று, ஓய்வுபெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்.

ஆசிரியர், பத்திரிகையாளர், கணக்கர், வழக்கறிஞர், நீதிபதி என்று ஒரே மனிதர் எத்தனை படிகள் ஏறியிருக்கின்றார்! ஆயினும் இன்று அவரை எவரும் கணக்குச்சாலை உத்தியோகத்தர் என்று நினைவுகூர்வதில்லை. 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடனும், 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்றே தமிழுலகம் போற்றுகின்றது. உத்தியோகங்கள் அவருக்குச் சோறு தந்தன. அச்சோற்றை உண்டுகொண்டு, தாம் ஒருபோதும் காணாத மாணவர்க்கெல்லாம் அவர் பாடநூல் சேர்த்து வைத்தார். வகுப்பறையை விட்டபின்னும் அவர் ஆசிரியராகவே இருந்தார் என்பது எமது கருத்து.

மேல்நாட்டிலே

‘மதியுரைஞர்’ என்று இன்று வழங்கும் தொழில், அதாவது பிறர் நடத்தும் வியாபாரத்தை ஆராய்ந்து ஆலோசனை கூறிக் கூலி பெறும் தொழில், அமெரிக்காவிற் பெருகியது. அத்தொழிலில் உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனங்களுள் ஒன்றை நிறுவியவரும் ஓர் ஆசிரியரே. ஜேம்ஸ் மக்கின்சி என்பது அவர் பெயர். 1889 இல் மிசூரி மாநிலத்திற் பிறந்த அவர் முதலில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்றவர். சட்டமும் கணக்கியலும் கற்று, சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கணக்கியல் கற்பித்து வந்தார். அக்காலத்தவர் கணக்கேட்டைச் சென்ற ஆண்டு நடந்ததைக் காட்டும் கண்ணாடியாகவே கருதினர். வரப்போகும் ஆண்டுக்கு வழிகாட்டும் விளக்காகவும் அதனைப் பயன்படுத்தலாம் என்று மக்கின்சி கற்பித்தார். வரவு செலவை முன்கூட்டியே திட்டமிடுதல் பற்றி 1922 இல் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. 1926 இல் தம் பெயரால் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார்.

வகுப்பறையை விடாமலே ஆலோசகரானவர்களும் உளர். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பீட்டர் டிரக்கர் கல்லூரிகளிற் கற்பித்துக்கொண்டே பெருங் கம்பெனிகளுக்கு ஆலோசனை கூறினார். விடை சொல்வதிலும் சரியான வினாவைக் கேட்பதே ஆலோசகனின் பணி என்பது அவர் கொள்கை. எமது தமிழகத்தின் கோயம்புத்தூரில் 1941 இற் பிறந்த சி. கே. பிரகலாத் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவாறே உலகின் பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசகராக விளங்கி, 2010 இற் காலமானார். ஏழை மக்களையும் மதிப்புள்ள வாடிக்கையாளராகக் கருத வேண்டும் என்று 2004 இல் வெளிவந்த நூலில் அவர் வற்புறுத்தினார்.

இவர்களெல்லாம் பெரியோர், நாம் சொல்ல வந்ததோ ஜம்பட்டா வீதி மாடியறைக் கதை. ஆயினும் இரண்டுக்கும் உள்ள உறவை வாசகர் விரைவிற் காண்பர்.

பதினைந்து பக்க அறிக்கை

மாடியறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, பழைய மின்விசிறி ஒன்று. முதல் இரண்டு மாதமும் எவரும் படியேறவில்லை. வீதியிற் செல்வோர், “என்ன மாஸ்டர், ரியூசன் தொடங்கிவிட்டீர்களா?” என்று கேட்டனர். ஆலோசனைக்குப் பணம் கொடுப்பது என்பது எங்கள் வியாபாரிகளுக்குப் பழக்கமில்லாத காரியம். ஆலோசனை என்றால் தேநீர்க் கடையில் இலவசமாகக் கிடைப்பதன்றோ?

மூன்றாம் மாதம் புடைவைக் கடை முதலாளி ஒருவர் வந்தார். கடையிற் கூட்டம் இருக்கின்றது, விற்பனையும் நடக்கின்றது, மாத முடிவிற் கையிற் காசு இல்லை. காரணம் என்ன என்பதே அவர் கேள்வி. நண்பர் இரு வாரம் உழைத்துப் பதினைந்து பக்கத்தில் அறிக்கை எழுதினார். விகிதங்கள், அட்டவணைகள், வரைபடங்கள் யாவும் அதில் இருந்தன. பல்கலைக்கழகத்திலே கொடுத்திருந்தால் நல்ல புள்ளி கிடைத்திருக்கும். முதலாளி அதனை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, காசு மேசைக்குப் பின்னால் உள்ள சுவாமி படத்தின் கீழ் வைத்தார். ஒரு மாதம் கழித்து நண்பர் சென்று பார்த்தபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் விபூதித் தட்டு ஒன்று ஏறியிருந்தது.

“அன்றிரவுதான் எனக்குப் புத்தி வந்தது. வகுப்பில் முதல் நாளே பதினைந்து பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டு நான் போனதுண்டா? கேள்வி கேட்பேன், பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைப்பேன், சோக்கட்டியை அவன் கையிற் கொடுப்பேன். அவன் தானே போட்ட கணக்கைத்தான் அவன் நம்புவான். கல்லூரியை விட்டபோது அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்,” என்றார் நண்பர்.

மறுநாள் அவர் வெறுங்கையுடன் கடைக்குச் சென்றார். அங்கு நடந்த உரையாடலை அவர் சொன்னவாறே தருகின்றோம்.

“முதலாளி, இந்த அலுமாரிச் சேலைகள் எவ்வளவு காலமாக இருக்கின்றன?”

“இரண்டு வருஷம் இருக்கும், மாஸ்டர். கிடக்கட்டும்; சேலை என்ன சோறா கேட்கிறது?”

“கேட்கிறது, முதலாளி. எவ்வளவு கேட்கிறதென்று பார்ப்போமா?”

சேலை சுற்றிவந்த கடதாசியை விரித்து, பென்சிலை முதலாளி கையிற் கொடுத்தார் நண்பர். நாட்பட்ட சேலைகளின் கொள்விலை 18 இலட்சம் ரூபா. வங்கியில் உள்ள மேலதிகப் பற்று 25 இலட்சம். அதற்கு வட்டி அப்போது ஆண்டுக்கு நூற்றுக்கு 28. ஆகவே அலுமாரியில் முடங்கிய 18 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 504,000 ரூபா. மாதத்துக்கு 42,000 ரூபா. முதலாளி பென்சிலை வைத்துவிட்டு அலுமாரியைப் பார்த்தார். கடையில் நாள் முழுவதும் நிற்கும் விற்பனையாளர் ஒருவருக்கு அவர் கொடுக்கும் சம்பளமும் ஏறக்குறைய அவ்வளவே!

“அப்படியென்றால் நட்டத்துக்கு விற்கச் சொல்கிறீர்களா?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கைப் போடுங்கள்.”

கொள்விலையிற் கால்வாசி குறைத்து விற்றால் 13½ இலட்சம் கைக்கு வரும். நட்டம் 4½ இலட்சம். அப்பணத்தை வங்கியிற் கட்டினால் மாதம் 31,500 ரூபா வட்டி மிஞ்சும். அவ்வாறு பதினைந்து மாதம் மிஞ்சினால் 472,500 ரூபா. நட்டம் முழுவதும் ஆறிவிடும். அன்றேல், இன்னும் பதினைந்து மாதத்துக்குள் அச்சேலைகள் கொள்விலைக்கே விலைபோகும் என்ற நம்பிக்கை வேண்டும். இரண்டு ஆண்டாக எவரும் தொடாத சேலைக்கு அந்நம்பிக்கை எங்கிருந்து வரும்? கணக்கை முடித்தவர் முதலாளியே; முடிவெடுத்தவரும் அவரே. 2023 சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் அச்சேலைகளிற் பெரும்பகுதி விற்றுப்போயிற்று.

கூலியாகப் பதினையாயிரம் ரூபாவும் சேலை ஒன்றும் கிடைத்தன. மனைவியார் அதனைச் சுவாமி அறையிலே வைத்தெடுத்து உடுத்தார். “நாட்பட்ட சேலைதானே,” என்று மாமியார் சொன்னாராம். ஆயினும் குரலிற் பழைய கசப்பு இல்லை என்கின்றார் நண்பர். அம்முதலாளி பிறரிடம் சொல்ல, அவர்கள் மற்றவரிடம் சொல்ல, மாடிப்படி தேயத் தொடங்கியது.

எல்லை அறிதல்

வெற்றிக்கு மற்றொரு காரணம், நண்பர் தம் எல்லையை அறிந்திருந்தமை. கணக்காய்வு செய்து சான்றுரை வழங்குவது, 1959 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினர்க்குரிய பணி. நண்பர் பட்டயக் கணக்காளர் அல்லர். ஆகவே அத்தேவை உள்ளவர்களை அத்தகுதி உள்ளவர்களிடமே அனுப்பிவிடுகின்றார். அதனால் வாடிக்கையாளரை இழந்தாரா என்று கேட்டோம். அனுப்பியவர்களே திரும்பி வந்து வேறு இருவரையும் அழைத்து வந்தனர் என்றார்.

சோதனையும் வந்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. அவ்வேளையில் வணிகர் ஒருவர் வந்து, வீட்டுக்கு ஓர் ஏடும் வரிக் கந்தோருக்கு ஓர் ஏடும் எழுதித்தர வேண்டும் என்றார். அவர் மேசைமேல் வைத்த பணம் நண்பரின் மூன்று மாத வருமானம். அதே வாரத்திற்றான் மகளின் படிப்புச் செலவுக்குக் கடன் கேட்க அவர் எம்மிடம் வந்திருந்தார். “ஓர் ஏட்டுக்கு மேல் எழுத எனக்குத் தெரியாது, முதலாளி,” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தள்ளிய கதையைப் பல மாதங்கள் சென்ற பின்னரே எமக்குக் கூறினார்.

அணைந்த அடுப்பு

இதுவரை படித்தோர் நண்பரின் பாதை முழுவதும் பூவிரித்த பாதை என்று எண்ணலாகாது. மொத்தப் பலசரக்குக் கடை ஒன்றின் செலவை ஆராய்ந்தபோது, அங்கே இரண்டு ஆட்கள் அதிகம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். கணக்கிற் பிழையில்லை. அடுத்த மாதம் சென்றபோது, பின்னறையில் மூட்டை எண்ணும் இளைஞன் ஒருவனைக் காணவில்லை. முன்னொருகால் நண்பரின் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவன் அவன். தகப்பனை இழந்தவன். உயர்தரப் பரீட்சையிற் தவறி, தாயையும் தங்கையையும் அக்கடைச் சம்பளத்தாற் காப்பாற்றி வந்தவன்.

அதைச் சொல்லும்போது நண்பர் குரல் தாழ்ந்தது. “வகுப்பில் ஒருவனுக்குப் புள்ளி குறைந்தால் அடுத்த தவணையில் எடுத்துக்கொள்வான். இங்கே நான் எழுதிய ஒரு வரி அவன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது. எனக்கோ அந்த வரிக்குக் கூலி கிடைத்தது.”

முன்னர் கூறிய மக்கின்சியின் இறுதிக் காலம் அப்போது எம் நினைவுக்கு வந்தது. 1935 இல் அவர் மார்ஷல் பீல்ட் என்ற பெருங் கம்பெனியின் தலைமையை ஏற்றார். அதுவரை பிறருக்குச் சொன்ன ஆலோசனையைத் தாமே நிறைவேற்றும் பொறுப்பு வந்தது. மொத்த வியாபாரப் பிரிவை மூடினார். பலர் வேலை இழந்தனர். பகையும் கவலையும் சூழ்ந்தன. ஆலோசனை கூறுவதிலும் தானே முடிவு செய்து அதன் சுமையைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்ததாக அவர் மனம் விட்டுக் கூறினார் என்பர். 1937 இல் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 48. ஆலோசகன் பேசிவிட்டுப் படியிறங்குகின்றான். அவன் சொல்லின் விளைவை அனுபவிப்பவர் மேலேயே இருக்கின்றனர். இத்தொழிலை நாடுவோர் முதலிற் கற்க வேண்டிய பாடம் இது.

நண்பர் மூன்று மாதம் அலைந்து, அவ்விளைஞனுக்கு அந்தப் புடைவைக் கடையிலே கணக்கெழுதும் வேலை தேடிக்கொடுத்தார். மூன்று மாதமும் அவ்வீட்டார் எப்படிச் சாப்பிட்டனர் என்பதை அவர் எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அதன்பின் ஆட்குறைப்புப் பற்றி எழுதுமுன் அந்த ஆட்களுடன் அமர்ந்து பேசாமல் அவர் ஒரு வரியும் எழுதுவதில்லை. வீணாகும் சரக்கு, வராத கடன், வட்டி ஆகிய மூன்றையும் பார்த்து முடித்தபின்னரே மனிதரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் விதித்துக்கொண்ட முறை.

வெறுமையான வகுப்பறை

நாம் மறைக்கலாகாத ஒன்று உண்டு. நண்பர் சென்றபின் அவர் வகுப்புக்கு இரண்டு தவணையாக ஆசிரியர் வரவில்லை. வசதியுள்ள பிள்ளைகள் ரியூசன் சென்றனர்; வசதியற்றோர் நூலகத்தில் அமர்ந்திருந்தனர். எம்மால் இயன்ற சில பாடவேளைகளை நாமும் ஏற்றோம். ஒரு கடை பிழைத்தது என்று மகிழும்போது, ஒரு வகுப்பு தவித்தது என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். நண்பருக்கும் அது தெரியும். அதனாலேயே அவர் தம் வெற்றியைப் பற்றிப் பேசும்போது ஒருபோதும் உரத்துப் பேசுவதில்லை.

தம்முடன் சேர்ந்துகொள்ளுமாறு எம்மையும் அவர் அழைத்தார். விடுமுறை விண்ணப்பம் ஒன்றை எழுதி, மேசை இலாச்சியில் இரண்டு மாதம் வைத்திருந்தோம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி பின்தங்கி நின்று, “சேர், நீங்களும் போகப் போறீங்களா?” என்று கேட்டாள். எவர் சொல்லி அவள் அறிந்தாளோ, தெரியாது. அன்று நாம் விடை கூறவில்லை. பின்னர் விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டோம். இதனாற் பெரிய தியாகம் செய்துவிட்டோம் என்று எவரும் எண்ண வேண்டா. எமது இல்லத்தில் இரண்டு சம்பளம் வருகின்றது. நண்பர் இல்லத்தில் ஒன்றே வந்தது. அவர் நிலையில் இருந்திருந்தால் நாமும் அப்படியேறியிருப்போம்.

எண்ணித் துணிவோர்க்கு

ஆசிரியத் தொழிலைவிட்டு ஆலோசனைத் தொழிலுக்குச் செல்ல எண்ணுவோர் எம்மிடம் கேட்டால், நண்பரின் அனுபவத்திலிருந்து நான்கு வார்த்தை சொல்வோம். முதலாவது, ஆறு மாத வீட்டுச் செலவுக்குரிய பணம் கையில் இல்லாமற் புறப்படலாகாது; நண்பர் மனைவியின் இரு காப்புகளை அடகு வைத்தே முதல் நான்கு மாதத்தைக் கடத்தினார். இரண்டாவது, எதனை நன்கு அறிவோமோ, அதனை எவருக்கு வேண்டுமோ அவர்கள் வாழும் தெருவிலேயே கடை விரிக்க வேண்டும். மூன்றாவது, தகுதிக்கு மீறிய பணியை ஏற்கலாகாது. நான்காவது, இல்லத்தவர் சம்மதம். அது வாதத்தாற் கிடைப்பதன்று, வரவு செலவை அவர்கள்முன் திறந்து வைப்பதாற் கிடைப்பது.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். இன்று நீங்கள் கற்கும் பாடம் எந்தத் தொழிலுக்கு உதவும் என்று ஏங்க வேண்டா. தொழில்கள் மாறும், ஒருவருக்கே இரண்டு மூன்று முறை மாறும். பிறர் துன்பத்தைப் பொறுமையாகக் கேட்கவும், கடினமானதை எளிதாக விளக்கவும், பிழையான கணக்கில் ஒப்பமிட மறுக்கவும் பழகிக்கொண்டால், அப்பழக்கம் எந்தத் தொழிலிலும் கைகொடுக்கும்.

நண்பரின் விடுமுறைக் காலம் முடியும் நாள் நெருங்குகின்றது. கல்லூரிக்குத் திரும்புவாரா, மாடியறையிலேயே இருப்பாரா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. மாமியார் இப்போது எதற்காக அருச்சனை செய்கின்றார் என்று கேட்டோம். “இரண்டில் எது வந்தாலும் சரி என்று செய்கிறாராம்,” என்று சிரித்தார். ஞாயிறு காலைகளில் மட்டும் அவ்வறையில் முதலாளிமார் எவரும் வருவதில்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட கடைச் சிப்பந்திகள் பன்னிருவர் வந்து, காசு கொடாமற் கணக்கீடு கற்கின்றனர். பலசரக்குக் கடையில் வேலையிழந்த அவ்விளைஞனும் அவர்களுள் ஒருவன். அவர்களுக்காகவே சுவரிற் புதிதாக ஒரு கரும்பலகை மாட்டப்பட்டிருக்கின்றது.